கடற்கரைக்கு நாம் பட்ட கடன்

(பெரம்பலூர் - அரியலூர் மாவட்ட இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட லப்பைக்குடிக்காடு கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

 



இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "கடற்கரையைக் காப்போம்". சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், நம்ம ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பஸ் ஏறினா கடலைப் பார்க்க அரை நாள் ஆகுது. வரி, கரண்டு, ரோடு, இதையெல்லாம் விட்டுட்டு இதைப் பேசணுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதிலை அவர் கடையிலிருந்தே தொடங்குகிறேன். அவர் விற்பது சிமெண்ட். அந்தச் சிமெண்ட் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் ஆனது. அந்தச் சுண்ணாம்புக் கல் எங்கிருந்து வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து கல்லாயின. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சுருண்ட நத்தை போன்ற கற்களை அங்கே பார்க்கலாம். அவையெல்லாம் கடல்வாழ் உயிர்கள். ஆக, கடல் கொடுத்த சொத்தில்தான் நம் வீடும் கடையும் நிற்கின்றன.

அது பழைய சம்பந்தம். இன்றைய சம்பந்தம் இன்னும் நெருக்கமானது.

நம் இரண்டு ஆறுகள்

சகோதரர்களே! இந்த ஊரின் வடக்கே ஓடுவது வெள்ளாறு. அக்கரையில் திட்டக்குடி. அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையில் ஓடுவது கொள்ளிடம். வடக்கே ஓர் ஆறு, தெற்கே ஓர் ஆறு. இந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவேதான் பெரம்பலூரும் அரியலூரும் இருக்கின்றன.

வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, நம் வாசல் வழியாக ஓடி, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. பரங்கிப்பேட்டை எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர். அதற்குத் தெற்கே சில கல் தொலைவில், பழையாறு அருகே கொள்ளிடம் கடலில் கலக்கிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு. நம் மாவட்டத்தின் இரண்டு ஆறுகளும் போய்ச் சேருவது ஒரே கரைக்குத்தான்.

ஆறு தண்ணீரை மட்டும் கொண்டு போவதில்லை, மணலையும் கொண்டு போகிறது. மலையில் உடைந்த பாறை உருண்டு, தேய்ந்து, பொடியாகி, வெள்ளத்தோடு வெள்ளமாகக் கடலுக்குப் போகிறது. கடல் அதை விழுங்கிவிடுவதில்லை. கரை நெடுகப் பரப்பி வைக்கிறது. அதைத்தான் நாம் கடற்கரை என்று சொல்கிறோம்.

கடற்கரை என்பது காற்று வாங்குகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மதில் சுவர்! புயல் நேரத்தில் ஆள் உயரத்துக்கு எழுந்து வருகிற அலை, சரிவான மணலில் ஏறி, இழுபட்டு, வேகம் இழந்து திரும்புகிறது. அகலமான மணல்வெளி இருந்தால் குடிசை வரை தண்ணீர் வராது. மணல் போய்விட்டால் அதே அலை நேரே சுவரில் மோதும், தெருவுக்குள் வரும், கிணற்றில் உப்பு ஏறும். கருங்கல் மதில் அடி வாங்கினால் உடைகிறது. மணல் மதில் அடி வாங்கினால் நகர்ந்து கொடுக்கிறது, பருவம் மாறியதும் திரும்பி வருகிறது. அல்லாஹ் கட்டிய சுவர் அப்படி!

ஆனால் அந்தச் சுவருக்கு ஆண்டுதோறும் புது மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தினம் செலவு நடக்கிற கடையில் கொள்முதல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? வணிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மணல் எங்கே போயிற்று?

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டில் அதிக மாதங்கள் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வருகின்றன. மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓரளவு தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. வெள்ளாற்று மணலும் கொள்ளிடத்து மணலும் இந்தப் பயணத்தில் சேர வேண்டியவைதான்.

இந்தப் பயணத்தின் குறுக்கே கடலுக்குள் ஒரு கல் சுவரை நீட்டினால் என்ன நடக்கும்? சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே அலை அரிக்கும். சென்னையில் நடந்தது இதுதான். 1876ல் சென்னைத் துறைமுகத்தின் செயற்கைச் சுவர்கள் எழத் தொடங்கின. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. நாம் குடும்பத்தோடு போய்ச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வருகிறோம். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வரை இருந்த குப்பங்களோ நிலத்தைப் பறிகொடுத்தன. ஒரு பக்கத்தில் சேர்ந்த மணல் மறு பக்கத்துக் குப்பத்தின் முற்றத்துக்குப் போக வேண்டியது.

புதுச்சேரியிலும் இதே கதை. 1986க்கும் 1989க்கும் இடையே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே சேரும் மணலை இயந்திரத்தால் எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. சுவர் எழுந்தது; மணலை மாற்றிக் கொட்டும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. விளைவு, நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. சாலையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு கல் முடிந்த இடத்துக்கு வடக்கே நகர்ந்தது.

வடக்கே யார் இருக்கிறார்கள்? நம் சமுதாய மக்கள் பெருமளவில் வாழும் கோட்டக்குப்பம் இருக்கிறது. சோதனைக்குப்பம், நடுக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வரிசையாக மீனவ ஊர்கள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது இன்னும் வடக்கே பிள்ளைச்சாவடியில் கடலோர வீடுகள் இடிந்து விழுந்ததைச் செய்திகளில் பார்த்தீர்கள். ஒரு ஊரைக் காக்கக் கொட்டிய கல் அடுத்த ஊரின் தலையில் விழுகிறது! அடுத்த ஊர்க்காரன் கல் கேட்கிறான். அவனுக்குக் கல் போட்டால் அதற்கடுத்தவன் கேட்கிறான். இதற்கு முடிவு எங்கே?

தமிழகக் கடற்கரை முழுவதையும் பாருங்கள். மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை ஆராய்ந்து சொன்ன கணக்கின்படி, இந்தியக் கடற்கரையில் நூற்றுக்கு 33 பங்குக்கு மேல் அரிக்கப்படுகிறது. தமிழகத்திலோ நூற்றுக்கு 42 பங்குக்கு மேல்!

மணலைத் திருப்பிக் கொடுப்பது

இதற்கு என்ன வழி? அறிஞர்கள் சொல்வது எளிய வழி. எடுத்ததைத் திருப்பிக் கொடு! மணல் இல்லாமல் போன கரையில் மணலைக் கொட்டு.

கடலுக்குள் தள்ளி, கரையைப் பாதிக்காத ஆழத்திலிருந்தோ, துறைமுக வாயிலில் தூர்ந்து கிடக்கும் இடத்திலிருந்தோ தூர்வாரும் கப்பல் மணலை உறிஞ்சும். குழாய் வழியே தண்ணீரோடு சேர்த்துக் கரையில் பீய்ச்சும். தண்ணீர் வடியும், மணல் தங்கும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்காகத் தூர்வாரும் மணலை நகரத்தின் ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொடுக்கும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு.

புதுச்சேரியிலும் இந்த வழிக்குத் திரும்பினார்கள். கடற்கரையை மீட்க வேண்டும் என்று அந்த ஊர்க் குடிமக்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்தன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் திட்டம் தீட்டியது. 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புக் கட்டுமானத்தை இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது தணிக்கும், மணல் தங்கும். துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடற்கரைச் சாலையோரம் மீண்டும் மணல் திட்டு எழுந்தது. பிள்ளைகள் மணலில் இறங்கி விளையாடினார்கள். போன கரையைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த நன்மை அந்த இடத்தோடு நின்றுவிடக் கூடாது. வடக்கே கோட்டக்குப்பம் பக்கத்துக் குப்பங்களுக்கும் மணல் போக வேண்டும். நம் கோரிக்கை அதுதான்.

நெதர்லாந்து என்ற நாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நாட்டின் ஏறக்குறைய கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953ல் கடல் புகுந்து 1,836 பேர் அங்கே மாண்டார்கள். பெரிய பெரிய அணைகளைக் கட்டினார்கள். பிறகு 1990ல், மணல் கொட்டியே கரையை நிலைநிறுத்துவது என்று அரசின் கொள்கையாகவே முடிவெடுத்தார்கள். 2011ல் ஒரே இடத்தில் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டினார்கள். நம் வியாபாரிகள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 76 லட்சம் யூனிட்! கொட்டிவிட்டு, காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். பணக்கார நாடு, செய்கிறது.

ஆனால் இதிலும் ஏமாறக் கூடாது. கொட்டும் மணல் அந்தக் கரையின் பருமனுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். மாவு போன்ற மணலைக் கொட்டினால் ஒரு புயலில் போய்விடும். எங்கே தோண்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தையும் வலை விரிக்கும் இடத்தையும் தோண்டினால் மீனவன் வயிற்றில் அடித்ததாகும். ஆமை முட்டையிடும் காலத்தில் கொட்டக் கூடாது. கொட்டிய மணலைப் பிடித்து வைக்க அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வளர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை கொட்டினால் முடிந்துவிடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பக் கொட்ட வேண்டும். கோடிக்கணக்கில் செலவு.

இங்கேதான், சகோதரர்களே, நம் ஊருக்கு விஷயம் வருகிறது. பள்ளத்தில் கோடி கோடியாகச் செலவழித்து மணல் கொட்டும்போது, மேட்டில் அதே மணலை ஆற்றிலிருந்து நாம் வாரிக்கொண்டிருந்தால்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதானே!

ஒரு லட்சம் கன மீட்டர் மணல் என்றால் 35 ஆயிரம் யூனிட்டுக்கு மேல். லாரிக்கு மூன்று யூனிட் என்று வைத்தால் ஏறக்குறைய 12 ஆயிரம் லோடு. நம் இரண்டு ஆறுகளிலும் எத்தனை 12 ஆயிரம் லோடு போயிற்று என்று இந்தச் சபையில் இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திருமானூர்ப் பகுதி மக்கள் கொள்ளிடத்தில் மணல் குவாரி வேண்டாம் என்று போராடியதும் உங்களுக்குத் தெரியும். 2017ல் மலேசியாவிலிருந்து கப்பலில் மணல் வந்து தூத்துக்குடியில் இறங்கியது. காவிரி ஓடும் நாட்டுக்குக் கடல் கடந்து மணல்! 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது உடைந்து போயின. ஆற்றின் அடிமடியில் கைவைத்ததும் ஒரு காரணம் என்று விவசாயிகள் குரல் கொடுத்தார்கள். 2023ல் மணல் விவகாரத்தில் மத்திய அமலாக்கத் துறை ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை அனுப்பியது. அவற்றில் நம் அரியலூரும் ஒன்று.

அணைகளும் மணலைத் தடுக்கின்றன, உண்மைதான். 1934ல் மேட்டூர் அணை வந்தது முதல் காவிரியின் மேல் மடை மணல் அங்கேயே நின்றுவிடுகிறது. அணையை நாம் இடிக்க முடியாது. அது சோறு போடுகிறது. ஆனால் அணைக்குக் கீழே எஞ்சியிருக்கும் மணலையும் விட்டுவைக்காமல் அள்ளுவது யார் செய்யும் வேலை? ஆற்றுப் படுகை தாழ்ந்ததால் கடல் நீர் கொள்ளிடத்தில் மேலேறி வருகிறது. கரையோரத்து விவசாயியின் போர்வெல் உப்புக் கரிக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மதீனாவில் மழை பெய்தால் பள்ளத்தாக்கு வழியே தண்ணீர் ஓடி வரும். மஹ்ஸூர் என்பது அப்படிப்பட்ட ஓர் ஓடை. மேட்டில் தோட்டம் உள்ளவருக்கும் பள்ளத்தில் தோட்டம் உள்ளவருக்கும் வழக்கு. அண்ணலார் (ஸல்) அவர்கள் தீர்ப்பு அளித்தார்கள். மேட்டிலுள்ளவர் கணுக்கால் அளவு தண்ணீர் தேக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு பள்ளத்தில் உள்ளவருக்குத் திறந்துவிட வேண்டும். இதன் கருத்தை யோசித்துப் பாருங்கள். மேட்டில் இருப்பவனுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. அந்த உரிமைக்கு ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் தேக்கினால் அது அவனுடையதல்ல, கீழே இருப்பவனுடையது!

தண்ணீருக்குச் சொன்ன நீதி, தண்ணீரோடு வரும் மணலுக்கும் பொருந்தாதா?

கப்பல் உதாரணமும் உங்களுக்குத் தெரியும். மேல் தளத்தில் சிலர், கீழ்த் தளத்தில் சிலர். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டியிருக்கிறது. நம் பங்கில் ஒரு துளை போட்டுக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லையே என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள் அவர்கள் கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்றார்கள் நாயகம் (ஸல்). நாம் அள்ளுவது நம் ஊர் ஆற்றில்தானே என்று சொல்கிறவர், கப்பலில் தன் பங்கில்தானே துளை போடுகிறேன் என்று சொன்னவர்தான்.

என் சொந்தக் கணக்கு

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போக என் மனசாட்சி இடம் தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பிலிருந்த ஓர் ஊரில் மதரஸாவுக்கு இரண்டு வகுப்பறை கட்டினோம். பணம் குறைவு. ஒரு சகோதரர் வந்து, "ஹஜ்ரத், பாதி விலைக்கு மணல் வரும், ராத்திரி இறக்கிடலாம்" என்றார். இரவு இரண்டு மணிக்கு லாரி வந்தது. விளக்கை அணைத்துக்கொண்டு வந்தது. ரசீது இல்லை. நான் நின்று இறக்கினேன். அல்லாஹ்வுடைய காரியம் சுலபமாக முடிந்ததென்று அல்ஹம்துலில்லாஹ்வும் சொன்னேன்!

பிறகு ஒரு நிக்காஹ்வுக்காகப் பரங்கிப்பேட்டை போயிருந்தேன். மாலையில் முகத்துவாரம் பக்கம் நடந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "உங்க ஊர் ஆறுதாங்க இது. தண்ணி எப்பவாவது வருது. மணல்தான் வரமாட்டேங்குது. அங்க என்னங்க பண்றீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உறவுக்காரரிடம் விசாரிப்பதுபோல் கேட்டார். எனக்கு அந்த இரவு லாரிதான் நினைவுக்கு வந்தது. அந்த வகுப்பறையில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் ஹலால், ஹராம் பாடம் ஓதுகிறார்கள். அந்தச் சுவரை இடிக்க என்னால் முடியவில்லை. அந்தக் கடனை அடைக்கும் வழி தேடித்தான் ஊர் ஊராக இதைப் பேசி வருகிறேன்.

அந்தக் கரை மக்கள் நமக்கு அந்நியர் அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்காக மத்ரஸாவையும் மண்டபத்தையும் திறந்துவிட்டார்கள். அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கிப் போட்டார்கள். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. அதே பகுதியில் எம்.ஜி.ஆர். திட்டு என்ற மணல் திட்டு ஊர் அழிந்தே போனது. அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் மறைத்து நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அன்று ஜமாஅத் சோறு போட்டது சமுதாயத்துக்குப் பெருமை. அடுத்த அலை வருவதற்கு முன் அந்தக் கரைக்கு மணல் போக வழிவிடுவது அதைவிடப் பெரிய தர்மம்!

என்ன செய்ய வேண்டும்?

வணிகப் பெருமக்களே! வயிற்றுப் பிழைப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வீடு கட்டத்தான் வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் கல் குவாரிகள் இருக்கின்றன, எம்-சாண்ட் கிடைக்கிறது. அதிலும் மலையை வெட்டும் சேதம் உண்டு. ஆகவே அங்கும் அளவு வேண்டும், அனுமதி வேண்டும். ஆனால் தரமான எம்-சாண்டில் கட்டிடம் நிற்கும் என்பது இன்று எல்லா இன்ஜினியர்களும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆற்று மணல்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம் பிடித்தால், அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரவில் வரும் ரசீதில்லா மணலை வாங்கி விற்காதீர்கள். அந்த லாபத்தில் பரக்கத் இல்லை. அது கீழே இருப்பவன் வீட்டுச் சுவர்!

ஜமாஅத் பொறுப்பாளர்களே! உங்களிடம் ஒரே ஒரு தீர்மானம் கேட்கிறேன். பள்ளிவாசல், மதரஸா, கல்யாண மண்டபம், கப்ருஸ்தான் சுற்றுச்சுவர், இவை எதற்கும் அனுமதியில்லாத மணல் ஒரு கூடைகூட வாங்குவதில்லை என்று மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நம் வீட்டை முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் அரசாங்கத்தின் கதவைத் தட்ட முடியும்.

இளைஞர்களே! கிராம சபை உங்களுக்காகத்தான் கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் வீட்டில் படுத்துத் தூங்காதீர்கள். எந்த ஆற்றுப் பகுதியில் எவ்வளவு ஆழம் அள்ள அனுமதி, எவ்வளவு அள்ளப்பட்டது என்று தகவல் அறியும் சட்டப்படி கேளுங்கள். விவசாயச் சகோதரர்களோடு சேர்ந்து கேளுங்கள். கோபப்பட்டு லாரியை மறித்து, டிரைவரை அடித்து, வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த டிரைவர் கூலிக்காரன். கேள்வி மேலே போக வேண்டும்.

அரசிடம் நம் கோரிக்கைகள் தெளிவானவை. துறைமுகச் சுவர் எழுப்பிய இடங்களிலெல்லாம் தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொண்டு சேர்ப்பது துறைமுகத்தின் சட்டபூர்வமான கடமையாக வேண்டும். எங்கே கல் கொட்டுவதானாலும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களின் சம்மதமும் ஆய்வும் முதலில் வேண்டும். மணல் கொட்டும் திட்டங்கள் நகரத்து உல்லாசச் சாலைகளோடு நின்றுவிடாமல் குப்பங்களுக்கும் போக வேண்டும். திட்டம் தீட்டும் மேசையில் மீனவருக்கு நாற்காலி வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலுக்குக் கொண்டு போக வேண்டிய மணல் எவ்வளவு என்று கணக்கெடுத்து, அந்தப் பங்கை ஆற்றிலேயே விட்டுவைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைக் கோட்டக்குப்பத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் இருப்பவர்கள் எழுப்பினால், "பாதிக்கப்பட்டவன் கத்துகிறான்" என்பார்கள். கடலையே பார்க்காத பெரம்பலூர்க்காரனும் அரியலூர்க்காரனும் எழுப்பினால் அதன் எடை வேறு. நமக்கு நஷ்டமில்லாத விஷயத்துக்கு நாம் குரல் கொடுக்கிறோம். இல்லை, தவறு, நமக்குக் கொஞ்சம் நஷ்டம் தருகிற விஷயத்துக்கே நாம் குரல் கொடுக்கிறோம்! சமுதாயப் பணி என்றால் அதுதான்.

மாலையில் என்னை நிறுத்திய ஹார்டுவேர் கடைச் சகோதரர் இந்தச் சபையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் பதில் இவ்வளவுதான். நம் ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அது பாக்கிக் கணக்கு. நாளை மறுமையில் பெரிய வியாபாரி, சிறிய வியாபாரி, ஆலிம், டிரைவர் எல்லோருக்கும் ஏடு விரிக்கப்படும். அதில் வெள்ளாற்று மணலின் கணக்கும் இருக்கும். அதற்கு முன்பாக இங்கேயே அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நல்லெண்ணத்தை வல்ல அல்லாஹ் எனக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக! கடலோரத்தில் இன்றிரவு அலைச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கும் எல்லா மக்களையும், அவர்கள் எந்தச் சமுதாயத்தவராயினும், அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.